லிஃப்டுக்குள்ளிருந்து வந்த மெட்டு

எங்கள் கட்டடத்தில் பகல் ஒரு மணிக்கு யாரும் லிஃப்டில் ஏற மாட்டார்கள். அரசாங்க மின்சாரம் போய் தெரு ஜெனரேட்டர் ஓடுவதற்குள் அரை மணி ஆகிவிடும். பெய்ரூட்டில் பச்சைப்பிள்ளைக்கும் இது தெரியும். யாராவது சிக்கினால் கதவைத் திறக்கும் சாவி என்னிடம் இருந்தது. ஏழாம் மாடியில், லிஃப்ட் எந்திர அறைக்குப் பக்கத்து வீடு என்னுடையது.

நான் ஊத் என்கிற மரத் தந்தி வாத்தியம் வாசிப்பவன், ஐயா. மூன்று வருடமாக ஒரு மெட்டுகூட அமையவில்லை. அந்தத் தவிப்பு உங்களுக்குப் புரியாது. ஹம்ரா பகுதியில் தியான வகுப்புக்குப் போனேன். சத்தம் வந்தால் வரட்டும், அதன் பின்னால் ஓடாதே, கவனி என்றார்கள். மின்சாரம் போன அரை மணியில்தான் தெரு அடங்கும். கேட்கும் சத்தத்தைக் கைப்பேசியில் பதிவாக விட்டு, கண்ணை மூடி உட்காருவேன்.

இரண்டாம் மாடி மதாம் வதாத் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். வாய் சும்மா இருக்காது. "என்ன உஸ்தாத், மூணு வருஷமா அந்த மரத்தை அடைகாக்கறீங்க, இன்னும் குஞ்சு பொரிக்கலையா?" என்பார். ஆனாலும் வாரம் தவறாமல் எனக்குச் சாப்பாடு கொண்டுவருவார்.

மார்ச்சில் ஒருநாள் மணி பார்க்காமல் ஏறிச் சிக்கிக்கொண்டார். கல்யாண மோதிரத்தால் இரும்புக் கதவைத் தட்டினார். அது என் தியானத்துக்குள் வந்தது. நான் பின்னால் ஓடவில்லை, கவனித்தேன். பத்து நிமிடத்தில் பாதி மெட்டு அமைந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுதேன். பிறகு போய்த் திறந்தேன்.

"நல்லாயிருக்கு போங்க உங்க தியானம். மேல ஒருத்தர் மூச்சை எண்றாரு, கீழ ஒருத்திக்கு மூச்சு முட்டுது," என்று சிரித்தபடியே நாக்குக்கடியில் மாத்திரை வைத்துக்கொண்டார். அவருக்கு இருதய நோய் என்பது அன்றுதான் தெரிந்தது.

மீதிப் பாதி வரவில்லை. ஐந்து வாரம் உட்கார்ந்து பார்த்தேன். நானே ஒரு மோதிரம் வாங்கி அந்தக் கதவைத் தட்டினேன். அதில் உயிரில்லை.

ஒரு வியாழன் பதினொரு மணிக்கு இன்டர்காமில் கூப்பிட்டார். "உஸ்தாத், கூசாக் காய்க்குள்ள அரிசியும் கறியும் அடைச்சு வேக வெச்சிருக்கேன். மின்சாரம் இருக்கும்போதே மேல கொண்டு வந்துடறேன்." வாருங்கள் என்றேன். மற்ற வீட்டார் வேலைக்குப் போயிருந்தார்கள். லிஃப்டுக்குள் கைப்பேசி எடுக்காது. அது நகரும் சத்தம் கேட்டதும் எந்திர அறைக்குப் போய் லிஃப்டின் மின்விசையை இறக்கினேன். வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து, வழக்கம்போல் பதிவைத் தொடங்கி உட்கார்ந்தேன்.

முதலில் வேகமாகத் தட்டினார். பிறகு நிதானமாக. கடைசியில் இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, ஒரு தட்டு. அடுத்ததற்காக இருபது நிமிடம் காத்திருந்தேன். அது வராமல் போனதுதான் மெட்டின் முடிவு என்று விளங்கியது. பிறகு சாவியோடு போனேன். சாப்பாட்டுத் தட்டை ஒரு துளி சிந்தாமல் ஓரமாக வைத்திருந்தார்.

மெட்டுக்கு அவர் பெயரையே வைத்தேன். கச்சேரி முடிந்ததும் அவர் மகள் ரீமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மாவைத் திருப்பிக் குடுத்துட்டீங்க, உஸ்தாத்," என்று அழுதாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அன்றைய பதிவையே அவளுக்குக் கொடுத்தேன். தாயின் கடைசித் தாளம் மகளிடம் இருப்பதுதானே முறை. அவள் அதை உங்களிடம் கொண்டுவருவாள் என்று நான் நினைக்கவில்லை.

விசையை இறக்கியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பதிவில் அவர் பதினான்கு முறை "நஸீஹ், நஸீஹ்" என்று கூப்பிடுவதாகச் சொல்கிறீர்களே, அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள முடியாது. உஸ்தாத் என்பாரே தவிர, ஒருநாளும் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்தப் பதிவை நூறு முறை கேட்டுவிட்டேன், ஐயா. அதில் தாளம் மட்டும்தான் இருக்கிறது.