தண்ணிச்சாடி பக்கத்துப் பாய்

கங்கா: மாட்டேண்ணே. தம்பிராஜா வீட்டுல போய் இந்தக் கல்யாணம் வேணாம்னு சொல்லிடுங்க.

ராஜரத்தினம்: போன வாரம் மெர்டேக்கா சுதந்திர நாள் அன்னைக்கு ரெண்டு பேரும் திடல்ல கொடி ஆட்டுனீங்க. அதுக்குள்ள என்ன? அவன் காது பெருசா இருக்குன்னா?

கங்கா: விளையாடாதீங்க. அவருக்கு அம்மா இருக்காங்க.

ராஜரத்தினம்: எல்லாருக்கும்தான் அம்மா...

கங்கா: நமக்கு இல்ல.

ராஜரத்தினம்: அதுக்கும் இந்தக் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்?

கங்கா: அம்மா பெட்டியில ஒரு சிவப்புத் தாள் இருந்துச்சு. சீன எழுத்து. என்னைப் பெத்த சீனக்காரங்க, அம்மாகிட்ட என்னைத் தத்துக் குடுத்தப்ப என்கூடக் குடுத்தனுப்பினது.

ராஜரத்தினம்: அத எங்க கொண்டு போன?

கங்கா: பாசார் சந்தை பக்கத்துல ஜாதகம் பாக்கிற சீனப் பெரியவர்கிட்ட, சின்சேம்பாங்களே. எட்டே எழுத்துண்ணே. பொறந்த வருசத்துக்கு ரெண்டு, மாசத்துக்கு ரெண்டு, நாளுக்கு ரெண்டு, நேரத்துக்கு ரெண்டு.

ராஜரத்தினம்: நம்ம ஆளுங்க பன்னெண்டு கட்டம் போடுவாங்க. சீனருங்க சிக்கனம்.

கங்கா: கேளுங்களேன். மரம், நெருப்பு, மண்ணு, உலோகம், தண்ணி... அஞ்சும் கலந்து இருக்கணுமாம். நான் புலி வருசம், உச்சி வெயில்ல பொறந்தவ. எட்டுல பாதிக்கு மேல நெருப்பு. தண்ணி ஒரு சொட்டு இல்ல. தாய்க்கு ஆகாதாம். அதான் பெத்தவங்க தூக்கிக் குடுத்துட்டாங்க.

ராஜரத்தினம்: கங்கா...

கங்கா: பங்குனியில அம்மாவுக்கு அந்தக் காய்ச்சல்... உடம்பு எப்படிக் கொதிச்சிச்சு! நீங்களும் தொட்டுப் பாத்தீங்கதானே? இன்னொரு அம்மாவுக்கு அது வேணாம்.

ராஜரத்தினம்: அம்மா உன் பாய மட்டும் தண்ணிச்சாடி பக்கத்துல போடுவாங்க. ஞாபகம் இருக்கா?

கங்கா: பேச்ச மாத்தாதீங்க.

ராஜரத்தினம்: கிணத்துல இறைக்கிறதும் நீதான். என்னக் குடத்தத் தொடவே விடமாட்டாங்க.

கங்கா: ஆம்பளப் புள்ளைன்னு செல்லம். அதுக்கு நான் எத்தன நாள் அழுதிருக்கேன்...

ராஜரத்தினம்: செல்லம் இல்ல, புள்ள. அந்த சின்சே இன்னும் தாளக் கண்ணுகிட்ட ஒட்டி வெச்சுத்தான் படிக்கிறாரா?

கங்கா: ஆமா... அவர உங்களுக்கு எப்படித் தெரியும்?

ராஜரத்தினம்: அப்ப எனக்கு ஒம்பது வயசு. நீ வந்த மறுநாளே உன்னத் தோள்ல போட்டுக்கிட்டு, என்னையும் இழுத்துக்கிட்டு அம்மா அவர்கிட்டதான் போனாங்க. தாய்க்கு ஆகாது, திருப்பிக் குடுத்துடுன்னாரு. அம்மா எழுந்திரிக்கவே இல்ல. "இல்லாதத எப்படிச் சேக்கிறது, அத மட்டும் சொல்லுங்க"ன்னாங்க.

கங்கா: ...என்ன சொன்னாரு?

ராஜரத்தினம்: தண்ணிக்குப் பக்கத்துல வளக்கணும், பேருலயும் தண்ணி வெக்கணும்னாரு. காஜா பேராங்ல நம்ம வீட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள உன்னக் கங்கான்னு நூறு தடவ கூப்பிட்டுட்டாங்க. "இது அவளுக்குத் தெரிய வேணாம், தன்ன நினைச்சே பயப்படுவா"ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க... இப்ப சொல்லு, தம்பிராஜா வீட்டுல நான் என்ன சொல்லட்டும்?

கங்கா: ...அவங்க வீட்டுல தண்ணிச்சாடி எந்தப் பக்கம் இருக்குன்னு மட்டும் பாத்துட்டு வாங்கண்ணே.