கீழே ஓடிய எண்

கேபிள் தொழில் செய்கிறவனால் நிம்மதியாக உட்கார்ந்து டிவி பார்க்க முடியாது, இன்ஸ்பெக்டரம்மா. படம் தெளிவாக வருகிறதா, விளம்பரம் சரியாக ஓடுகிறதா என்றுதான் கண் போகும். கம்பத்திலும் காமயகவுண்டன்பட்டியிலும் என் இணைப்புதான். லோக்கல் சேனலும் என்னுடையதுதான். அந்த நடிகையின் விளம்பரத்தை இந்த 2008-இல் மட்டும் முந்நூறு தடவையாவது பார்த்திருப்பேன்.

தேனியில் ஒரு கூட்டத்துக்கு வந்த சீரியல் நடிகை அவர். வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்காக அவர் பேசியதை சி.டி.யாக்கி, மதுரைப் பெண்கள் சங்கத்தார் கேபிள்காரர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். "அடிச்சா பொறுத்துக்காதீங்க. இந்த நம்பருக்கு போன் பண்ணி உங்க பேரையும் ஊரையும் சொல்லுங்க. நான் இருக்கேன்" என்பார். நன்றாகத்தான் பேசினார், குறை சொல்ல மாட்டேன்.

கீழே ஓடிய எண்ணை மட்டும் மாற்றினேன். சங்கத்தின் எண்ணை எடுத்துவிட்டு, புதிதாக வாங்கிய ஒரு சிம்மின் எண்ணைப் போட்டேன். நம் ஊர் வீட்டு விஷயம் மதுரைக்கும் போலீசுக்கும் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆண்குரல் கேட்டால் வைத்துவிடுவார்கள். அதனால் போனை எடுத்து, பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர்களாகவே பேரைச் சொல்லி, அழுது, கொட்டித் தீர்த்துவிட்டு வைப்பார்கள். பிறகு அந்த வீட்டு ஆண்பிள்ளையைக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, பக்குவமாக எடுத்துச் சொல்வேன். இப்படிப் பதினோரு பெண்கள். ஒருத்திகூட இரண்டாம் முறை கூப்பிடவில்லை. குடும்பங்கள் சரியாகிவிட்டன என்றே எடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாவதாகப் பேசியவள் என் மகள்.

"அக்கா, நான் இருக்கேன்னு சொன்னீகள்ல, அதான் பேசுறேன். எம் பேரு விஜி, காமயகவுண்டன்பட்டி. வீட்டுக்காரர் அடிக்கிற அடி தாங்க முடியலக்கா. எங்கப்பாகிட்ட மூணு தடவ போயிச் சொல்லிட்டேன். மூணு தடவயும் அவுகளே டவுன் பஸ்ல ஏத்தி இங்கன அனுப்பி வச்சிட்டாக. அக்கா, லைன்ல இருக்கீகளா?"

இருந்தேன். பெற்று வளர்த்த என்னை, முன்பின் தெரியாத ஒரு நடிகையிடம் காட்டிக் கொடுத்துவிட்டாளே என்று அப்படியொரு ஆத்திரம் வந்தது. அவளுக்கு நான் என்ன குறை வைத்தேன்?

பதினோரு வீட்டுக்குச் செய்ததை என் வீட்டுக்குச் செய்யாமல் இருப்பது முறையல்ல. மாப்பிள்ளை சூரியபிரகாஷுக்குப் போன் போட்டேன்.

"விஜி வெளியாளுககிட்ட வீட்டுக் கதயப் பேசுறா மாப்ள. கண்டிச்சு வைங்க."

"சரிங்க மாமா, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

நான் பேசியது மத்தியானம். சாயங்காலம் அவளை ஆட்டோவில் போட்டுக் கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். தலையில் அடி. வழியிலேயே உயிர் போயிருந்தது.

அடித்தது அவர். சொல்லிக் கொடுத்தது நான். சிம் என் மேசை டிராயரில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஒன்றுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அவ்வளவு கஷ்டம் இருந்திருக்கிறது, அப்பா நான் உயிரோடு இருக்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.