தேன் நிறக் கரடியைச் சுட்டது தொடர்பாக

லார்ச் ஃபோர்க் வனவிலங்கு அலுவலகத்துக்கு இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், இன்று சனிக்கிழமை காலை வெர்னாவின் உணவகத்தில் பான்கேக் மாவு தீர்ந்துபோனது. அதே காலையில் நான் கரடி சுட்ட சேதியும் வெளியானது. வனவிலங்கு அதிகாரி திருமதி யோஸ்ட், "பேர்ல இருந்து ஆரம்பி தம்பி" என்றதால் இனி அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் கோல்ட்டர் நைகார்ட். வயது பதினேழு. மொன்டானா மாநிலம் லார்ச் ஃபோர்க்கில், மரம் அறுக்கும் ஆலைக்குப் பின்னால் உள்ள வீட்டில் தாயாருடன் வசிக்கிறேன். தாயார் இப்போது என் அருகில் அமர்ந்து என் காலை மிதித்துக்கொண்டிருக்கிறார். அண்ணன் ரீட் வடக்கு டகோட்டாவுக்கு எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனவன். இரண்டு கிறிஸ்துமஸாக வீட்டுக்கு வரவில்லை.

சிறுவயதில் நானும் அண்ணனும் ஹக்கிள்பெரிப் பழம் பறிக்கப் போன மலைச்சரிவில் ஒரு தாய்க்கரடியை இரண்டு குட்டிகளுடன் பார்த்தோம். ஒரு குட்டி கருப்பு, மற்றது தேன் நிறம். கருங்கரடிக்குக் கருப்பு பெயரில்தான். ஒரே வயிற்றில் இரண்டு நிறமும் பிறக்கும். அண்ணனுக்கு வைக்கோல் முடி, எனக்குக் கரி முடி. "அந்தக் கரிக்கட்டை நீ, இந்தத் தங்கம் நான்" என்றான். அதன் பிறகு ஒவ்வொரு வசந்தமும் வேட்டைக்குப் போனோம், தேன் நிறத்தைத் தேடினோம், கருப்பே வந்தது. ஊரை விட்டுக் கிளம்பிய அன்றும் அண்ணன் வண்டி ஜன்னல் வழியாக, "கருப்புக்கெல்லாம் கூப்பிடாதடா. தேன் கலர் மாட்டினா சொல்லு, எங்க இருந்தாலும் கரடியத் தூக்க வந்துடறேன்" என்றான்.

அதன் பிறகு இந்த வசந்தத்தில் அனுமதி வாங்கி, பள்ளி விட்டதும் தினமும் அந்தச் சரிவுக்குப் போனேன். அதன் பிறகு வெள்ளிக்கிழமை ஒரு கொத்துத் தேன் நிற முடியைப் படம் பிடித்து, "மாட்டிடுச்சு" என்று அண்ணனுக்கு அனுப்பினேன். "கிளம்பிட்டேன்டா கரிக்கட்டை" என்று பதில் வந்தது.

அதன் பிறகு இன்று காலை அந்த முடியை வெர்னாவின் மேசையில் வைத்தேன்.

"அடேங்கப்பா! எவ்வளவு பெருசுடா?" என்றார் வெர்னா.

"உங்க குளிர்பெட்டி மாதிரி. ஒரே குண்டுல விழுந்துது. தோள்ல திமில் மட்டும் இவ்வளவு ஒசரம்."

உணவகத்தில் முள்கரண்டிகள் நின்றன. மூலையில் இருந்த ஆர்வில் ஸ்டெக்னர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"திமிலா? டேய், கருங்கரடிக்கு ஏதுடா திமிலு? நீ சுட்டது கிரிஸ்லி, சுடவே கூடாத கரடி!"

கொஞ்சம் அழகுக்காகச் சேர்த்த திமில் அது. அதன் பிறகு ஆர்வில் அதிகாரிக்குப் போன் செய்தார்.

அதன் பிறகு இந்த அலுவலகத்துக்கு அழைத்துவரப்பட்டேன். "கிரிஸ்லின்னா விளையாட்டில்ல தம்பி. துப்பாக்கி போகும், லைசென்ஸ் போகும், ஜெயில் வரைக்கும் போகும். தோல் எங்க? மண்டையோடு எங்க?" என்று அதிகாரி கேட்டார். அண்ணன் வந்து சேர்ந்ததும் சொல்கிறேன் என்றேன். "இப்பவே வாயத் திற" என்று தாயார் மறு காலையும் மிதித்தார்.

தோல் இல்லை. மண்டையோடும் இல்லை. என் துப்பாக்கி இந்த வசந்தத்தில் ஒரு தடவைகூட வெடிக்கவில்லை. அந்த முடி அண்ணன் விட்டுப்போன பிஸ்கட் என்ற நாயினுடையது; சீப்பில் வந்தது. எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் அது வாசலுக்கு ஓடும், பிறகு மெதுவாகத் திரும்பி வரும். ஆகவே நான் கரடி சுடவில்லை. கரடி விட்டேன், அவ்வளவுதான்.

அண்ணன் இந்நேரம் பாதி வழியில் இருப்பான். வெர்னாவுக்குத் தெரிந்தால் சேதி அண்ணன் காதுக்கும் போகும், வண்டியைத் திருப்பிவிடுவான். பிஸ்கட் அவன் மேல் பாயும் வரையாவது இதை வெர்னாவிடம் சொல்ல வேண்டாம் என்று அதிகாரியைக் கேட்டுக்கொண்டேன். அவர் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். தாயார் என் கால் மேலிருந்து தன் காலை எடுத்துக்கொண்டார்.

மேலே கண்டதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். இதில் கரடியைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. அண்ணன் வர வேண்டும் என்பது எல்லாவற்றையும் விட உண்மை.

(ஒப்பம்) கோல்ட்டர் நைகார்ட்