சகாயராணி அம்மையார் விட்ட எட்டடி

மேடையில் வீற்றிருக்கும் நம் இயற்கை உழவர் குழுத் தலைவர் மலைச்சாமி அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, எரியோட்டிலிருந்தும் சாணார்பட்டியிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் உழவர்களே, அம்மையாரின் பிள்ளைகளே, வணக்கம்.

தலைமையாசிரியை சகாயராணி அம்மையார் போய்ப் பதினொரு நாளாகிறது. எனக்குத் துக்கத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருக்கிறது.

ஓய்வுபெற்று, 1994இல் அவர் உரமும் மருந்தும் இல்லாமல் முருங்கை வைத்தபோது உங்களில் எத்தனை பேர் சிரித்தீர்கள்? "டீச்சரு பென்சன் வாங்கிப் புழுவுக்குப் பங்கு வைக்கிறாக. நமக்கு அம்புட்டு வசதி இல்லப்பு" என்று மலைச்சாமி சொன்னதை நான் மறக்கவில்லை. அம்மையார் மறந்தார்! அதே மலைச்சாமியைத் தான் தொடங்கிய இந்தக் குழுவில் சேர்த்தார்; என்னை விட்டுவிட்டு அவரையே தலைவராகவும் ஆக்கினார். மண்ணைப் பேணு, மனிதரைப் பேணு, மிஞ்சியதைப் பகிர்ந்து கொடு. இந்த மூன்றுக்கு வெளியே அவர் ஒரு கன்றுகூட நட்டதில்லை.

அவர் நிலத்துக்கும் என் நிலத்துக்கும் நடுவே எட்டடி அகலத்துக்கு நொச்சி நிற்கிறதே, ஏன் என்று யாராவது கேட்டீர்களா?

நான்கு வருடத்துக்கு முன் என் முருங்கை முழுக்கக் கம்பளிப்பூச்சி. குழுவில் உறுதிமொழிக் கையெழுத்துப் போட்டவன் நான். பயந்துபோய், யாருக்கும் தெரியாமல், பூத்து நின்ற மரங்களில் மருந்து அடித்தேன். மறுநாள் அம்மையாரின் மூன்று தேன்பெட்டிகளுக்கு முன்னால் தேனீக்கள் குவியலாகச் செத்துக் கிடந்தன. வரப்புக்கு வந்தார்.

"அடிச்சியா தம்பி?"

"இல்ல டீச்சர்."

"சரி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. அதுவரைக்கும் பிள்ளைகளத் தூக்காத."

அவ்வளவுதான். அடுத்த வாரம், என் மருந்துச் சாரல் தன் பக்கம் வராதபடி, தன் நிலத்தில் எட்டடி விளைச்சலை விட்டு நொச்சி நட்டார். கடைசி வரை என் பெயரைச் சொல்லவில்லை. அதற்காகவும் நான் அவர்மேல் கோபப்பட்டேன்! தினமும் அந்த வேலி என் கண்ணில் குத்தியது.

இந்த மாதம் கம்பளிப்பூச்சி திரும்ப வந்திருக்கிறது. என் மோட்டார் அறையில் அந்தத் தெளிப்பான் இருக்கிறது; பாதி டப்பா மருந்தும் இருக்கிறது. இந்தப் பதினொரு நாளில் இரண்டு முறை அதைக் கையில் எடுத்துவிட்டேன். "அடிச்சியா தம்பி" என்று இனி என்னை யார் கேட்பார்? யார் கேட்பார்?

அம்மையாரே, நீங்கள் விட்ட எட்டடியை ஒட்டி, என் பக்கம் எட்டடி நான் விடுகிறேன். முதல் மழைக்கு நொச்சி நடுவேன். அடிமரத்தில் கூடும் பூச்சியைத் தீப்பந்தம் கட்டி என் கையாலேயே சுட்டு அழிப்பேன்.

மலைச்சாமி அவர்களே, உங்களை எனக்குப் பிடிக்காது, ஊருக்கே தெரியும். இந்தாருங்கள், மோட்டார் அறைச் சாவி. மருந்தை எடுத்துப் போங்கள், சாவியையும் நீங்களே வைத்திருங்கள். தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நாளெல்லாம் உங்கள் வாசலில் வந்து நிற்பேன். கொடுக்கும் முன்னால், அம்மையார் கேட்டதை என்னிடம் கேளுங்கள்.