வந்ததை முதல்ல எழுதுங்க

"ஹலோ... ஹலோ, ஞானம்மா வீடுங்களா?... வணக்கம்மா. மெட்ராஸ்லேர்ந்து பேசறேன். ரோடு சர்வே ஆபீஸ். என் பேரு நம்பிராஜன்... இல்லம்மா, இல்ல, நிலம் எடுக்கற ஆளுங்க இல்ல. பட்டால்லாம் கேக்கல... ஆமா, ஆமா, போன வாரம் ரெண்டு பொண்ணுங்க வந்து, வீட்ல யார் யார் எங்க போறீங்கன்னு கேட்டு எழுதிட்டுப் போனாங்களே, அதே ஆபீஸ்தான். பக்கத்து வீட்டுக் கங்கம்மாளைக் கொஞ்சம் கூப்பிட முடியுமா? உங்க நம்பரைத்தான் குடுத்திருக்காங்க... தைச்சுக்கிட்டு இருந்தீங்களா? தொந்தரவு குடுத்துட்டேன்... பரவால்ல, லைன்லயே இருக்கேன்."

நம்பிராஜன் ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, மின்விசிறிக் காற்றில் படபடத்த தாளைக் கையால் அழுத்திப் பிடித்தான். இன்னும் பல வருஷம் கழித்து, இரண்டாயிரத்து இருபத்தாறில், சென்னையைச் சுற்றி எந்தச் சாலை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், எங்கே பாலம், எங்கே சுரங்கப்பாதை என்று இப்போதே திட்டம் போடுகிற பெரிய வேலையில் அவனுடைய பங்கு சின்னது. வீடு வீடாகக் கேட்டு எழுதிய தாள்களில் போக்கும் வரவும் ஒத்துப்போகாதவை அவன் மேசைக்கு வரும். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியவர் மறுபடி வீடு வந்து சேர்ந்தாக வேண்டும். சேராவிட்டால் கம்ப்யூட்டர் அந்தத் தாளை ஏற்றுக்கொள்ளாது. படப்பை தாண்டி, ஒரகடம் போகிற சாலையோரக் காலனியிலிருந்து வந்த தாள் அப்படித்தான் திரும்பி வந்திருந்தது.

"ஹலோ... கங்கம்மாளா? வணக்கம்மா... ஒண்ணும் பயப்படாதீங்க, ஒரே ஒரு சந்தேகம். வீட்ல மூணு பேர்னு போட்டிருக்கு. நீங்க, மகன் அன்பு, மக எழிலரசி. சரியா?... சரி, சரி. நீங்க அன்னிக்கு எங்கயும் போகல. மகளும் வீட்ல. மகன் விடியக்காலையில ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கம் கம்பெனி பஸ் ஏறி, ஒரகடத்துக்கு வேலைக்குப் போனாரு... ஆமாவா? நல்லது. திரும்பி எப்ப வந்தாரு? அதை மட்டும் எங்க பொண்ணு எழுதாம விட்டுட்டா... வரலையா? ஓ.டி. போட்டாரா?... ஷிஃப்ட் மாறிடுச்சா?... ஏதாவது சினிமாவுக்குப் போய்ட்டு சிநேகிதன் ரூம்ல படுத்துட்டாரா? வயசுப் புள்ளதானே, திட்டாதீங்க. அப்படியே எழுதிக்கறேன்..."

சொல்லிச் சிரித்துக்கொண்டே பேனா மூடியைக் கழற்றினான். எதிர்முனையில் சிரிப்பு இல்லை.

"தை மாசமா?... அம்மா, நான் கேக்கறது போன வாரம், எங்க ஆளுங்க வந்ததுக்கு முந்தின நாளு... ஆமா, அந்த ஒரு நாளு மட்டும்... தை மாசம் போனவரு இன்னும்... என்னம்மா சொல்லுதீங்க?... ஹலோ... யாரு, ஞானம்மாவா? சொல்லுங்க... மெதுவா சொல்லுங்கம்மா... பஸ் வந்துடுச்சுன்னு ஓடினாரா... லாரியா?... அந்த எடத்துலயேவா?... அய்யோ."

சென்னைக்கு வந்து இத்தனை வருஷமாகப் பழக்கிவைத்த பேச்சு கழன்று, சொந்த ஊர் நாங்குநேரியின் நாக்கு வெளியே வந்துவிட்டதை அவன் கவனிக்கவில்லை. அறைக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பரசுராமன், தாளைக் கேட்டு விரலைச் சொடுக்கினான்.

"இருடே, வரும்... உங்களைச் சொல்லலம்மா. இங்க ஒருத்தரு காலில கஞ்சியக் கொட்டின மாதிரி பறக்காரு. நீங்க அந்தம்மாட்டயே குடுங்க... அம்மா... தெரியாம பேசிட்டேன். சினிமா அது இதுன்னு... மனசுல வச்சுக்காதீங்க... ம்... ம்... தினமும் பாக்கறீங்களா? யாரை?... 'நின்னுகினு கீறான்'னா... இப்பவுமா? எங்க?... ரோட்டுக்கு அந்தாண்ட. பஸ் நிக்கற எடத்துல. சாப்பாட்டுப் பையோட... பஸ்ஸுக்காகவா?... இல்லையா?... இந்தப் பக்கம் வர்றதுக்கா? லாரி விட்டாத்தானே வர முடியும்னா பாத்துகினு..."

மேசை மேல் தாளை அழுத்தியிருந்த கையை அவன் மெல்ல எடுத்தான். அன்பு என்ற பெயர் மேல் இத்தனை நேரம் அந்தக் கை இருந்திருக்கிறது.

"பொய்னு நான் சொல்லலையே... கண்ணால பாக்கறதைச் சொல்லியிருக்கீங்க. ஆனா அவர் பேரை எடுத்தாகணும்மா... கோவிக்காதீங்க, கொஞ்சம் கேளுங்க. அந்த ரோட்டை ஆறு வழியா அகலமாக்கணும்னு பேச்சு. இப்ப இல்ல, வருஷமாகும். நடுவுல சுவர் வரும். ஜனங்க எங்கெங்க நடந்து கடக்கறாங்களோ, அங்க மட்டும் கீழ சுரங்கப்பாதை. உங்க காலனில சீட்டுக் குலுக்கினதுல விழுந்தது உங்க ஒரு வீடுதான். நீங்க சொல்றது காலனி முழுக்கச் சொன்ன மாதிரி... அதான்மா. அன்பு பேரை எடுத்துட்டா, அங்க ஒருத்தரும் ரோட்டைக் கடக்கலன்னு ஆயிடும். சுவர்தான் வரும்... பக்கத்து வீட்டை எழுதிக்க எனக்கு அதிகாரம் இல்ல... எங்க கிளம்பறீங்க? ஒரு நிமிஷம்மா... பஸ் வர்ற நேரமா? யாரைக் கூட்டிட்டு வர?... எழிலரசியையா? எழிலரசி வீட்லன்னுல்ல எழுதியிருக்கு?... அம்மா?... கம்பெனில அண்ணன் வேலையையே குடுத்தாங்களா. அதே மெஷின் லைன்லயா... தினமுமா?... அதே எடத்துலதான் கடக்கறாளா?"

நம்பிராஜனின் விரல் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு இறங்கி நின்றது. செத்தவன் வேலைக்குப் போயிருந்தான். வேலைக்குப் போகிறவள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா மறைச்சீங்க?... இல்ல, கோவமில்ல. சொல்லுங்க... ம்... அன்னிக்கு 'போறேன்'னு மட்டும் சொன்னாரா... பஸ் ஹாரன் அடிச்சதும் 'வர்றேன்'ங்கறதைச் சொல்லாமலே ஓடிட்டாரு... ம்... அதுலேர்ந்து மகளைப் பத்தி 'போறா'ங்கற வார்த்தை உங்க வாயிலேர்ந்து வர்றதில்ல... எங்க பொண்ணு தாளை நீட்டி, 'யார் யார் போனாங்க'ன்னு கேட்டுட்டா... புரியுதும்மா. எங்கம்மாவும் அப்படித்தான். 'வாரேன்'னு சொல்லாம பஸ் ஏறினா, கண்டக்டரை நிறுத்தச் சொல்லி எறக்கிவிட்டு, சொல்ல வச்சுத்தான் மறுபடி ஏத்துவா... சிரிக்கறீங்களா? சிரிங்க... அம்மா, நாம எழுதாட்டியும் அவ கடந்துகிட்டுத்தானே இருக்கா... அழாதீங்க... என்ன?... வந்ததை முதல்ல எழுதணுமா? தாள்ல மேல் வரிதான் போறது, கீழ் வரிதான்... சரி. சரிம்மா. மேல காலியா விட்டுட்டு, வந்ததை முதல்ல எழுதறேன். அன்னிக்கு ஒழுங்கா வந்து சேந்துட்டால்ல?... அது போதும். எங்கேர்ந்து? ஒரகடம். ரோட்டைக் கடந்து... வீடு. எழுதிட்டேன்மா. எழிலரசி வந்துட்டா... இப்ப மேல் வரியை எழுதிக்கறேன். இல்ல, வாய்விட்டுப் படிக்க மாட்டேன்... ஆச்சு."

"சுரங்கப்பாதை கண்டிப்பா வருமான்னு என்னைக் கேட்டா... பொய் சொல்ல மாட்டேம்மா. எனக்கு மேல எத்தனையோ பேர். இங்க கடக்கறாங்கன்னு அவங்க கண்ணுல படும். என் கையில இருக்கறது அவ்வளவுதான்... பரசுராமா, வாரேம்லா! இன்னும் ஒரு கோடுதான் பாக்கி!... அம்மா, அன்பு பேரு. அதுல ஒரு கோடு இழுத்துடறேன்... ஏன்?... அவரையும் வந்துட்டாருன்னு எழுதணுமா? எழுதிட்டு அப்புறம் அடிக்கணுமா? எப்படியும் அடிக்கப்போற வரிதானே, அதுல எதுக்கு..."

அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான். பரசுராமன் எழுந்து வந்து மேசையருகே நின்றதும், நின்றவன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதும் அவனுக்குத் தெரியாது.

"சரிம்மா. ரோட்லயே நிறுத்திட்டு அடிக்க மாட்டேன்... எழுதறேன். ஒரகடத்துலேர்ந்து... ரோட்டைக் கடந்து... வீடு. எதுக்காகன்னு ஒரு கட்டம் இருக்கு. 'வீடு திரும்ப'ன்னு போட்டிருக்கேன்... ஆமா, முழுசா, நல்ல கையெழுத்துல எழுதியிருக்கேன். இப்ப அடிக்கலாமா?... அம்மா?... லைன்ல இருக்கீங்களா?... என்ன வச்சிருக்கீங்க?... அவருக்குச் சோறா?... ம்... அன்னிக்கு வெறும் வயித்தோட போனாரா... ம்..."

நம்பிராஜன் பேனாவைத் தாளிலிருந்து எடுத்தான். மூடியைப் போட்டுத் திருகினான்.

"இல்லம்மா. இங்க யாருக்கும் அவசரமில்ல. பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேருக்கும் சோறு போடுங்க. அவர் சாப்பிட்டு எந்திரிச்சப்புறம் அடிக்கறேன்... சத்தியமா... சரிம்மா... இல்ல, இல்ல. முதல்ல நீங்க வைங்க."