மாயாண்டி கீழே வைக்காத பெட்டி

மாலை ஆறு மணி இருக்கும். டயகமவிலிருந்து வரும் முகட்டு வழி... ஆள் நடமாட்டமே இல்லாத வழி. ஒரு பக்கம் காடு, மறுபக்கம் புல்வெளி, நடுவில் தை மாதத்துப் பனி. நல்லமுத்து தனியாக வந்துகொண்டிருந்தார். என் மச்சினனுக்குச் சித்தப்பா அவர். இட்டுக்கட்டியதில்லை, அவருக்கு நடந்தது. நெருங்கி உட்காருங்கள், விறகு குறைவாக இருக்கிறது.

பின்னால் ஒரு சத்தம். கிணிங்... கிணிங்... கண்ணாடியோடு கண்ணாடி உரசுகிற சத்தம்.

அது என்னவென்று சொல்ல ஒரு வருடம் பின்னே போக வேண்டும். நல்லமுத்து வேலை செய்த தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குப் பட்டாம்பூச்சிப் பைத்தியம். சுதந்திரம் வந்து நாட்டில் கொடி மாறிவிட்டது, துரை மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் வலையும் தொப்பியுமாகச் சிநேகிதர்களோடு காட்டுக்குக் கிளம்பிவிடுவார். பூச்சியை மருந்து போட்டு அடைக்கிற போத்தல்கள் எல்லாம் ஒரு மரப்பெட்டியில். அதைத் தலையில் சுமப்பவன் மாயாண்டி, நல்லமுத்துவின் அக்கா வேலாயியின் புருஷன்.

ஒரு ஞாயிறு, முகட்டில் ஒரு மரத்தடியில் அவனை நிறுத்தினார் துரை. நான் வரும்வரை இங்கேயே நில், பெட்டியைக் கீழே வைத்தாயோ தொலைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு ஒரு பூச்சியின் பின்னால் போனார். மழை பிடித்தது. துரைமார் மறுபக்கமாக இறங்கி, காரில் ஏறி, நுவரெலியாவில் குடித்துவிட்டுத் தூங்கினார்கள். மறந்தே போனார்கள். ஒரு குடையை மறந்திருந்தால் ஆள் அனுப்பியிருப்பார்கள்.

விடிந்ததும் நல்லமுத்துதான் தேடிப் போனார். மாயாண்டி மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். தலைமுடி முழுக்க உறைபனி. இரண்டு கையும் தலைக்கு மேலே, எதையோ தாங்கிப் பிடித்தபடி... விறைத்துப் போயிருந்தன. பெட்டி இல்லை.

துரை கேட்ட முதல் கேள்வி, பெட்டி எங்கே. செத்தவன் வீட்டுக்கு ஆள் விட்டார். லயத்து வரிசையில் வேலாயி இருந்த ஒற்றை அறைக் காம்பராவில் அரிசிப் பானையைக் கூடக் கவிழ்த்துப் பார்த்தார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில், அத்தனை பேர் முன்னால், மாயாண்டி திருடன் என்றார் துரை. பக்கத்தில் நின்ற, துரைக்குக் கீழே வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு அதை இன்னொரு தடவை உரக்கச் சொன்னார். வேலாயி அழவில்லை. இதே களத்தில் துரையின் இதே வாயால் திருடன் இல்லையென்று சொல்ல வைக்கிறேன் என்று தம்பியிடம் மட்டும் சொன்னாள்.

இப்போது முகட்டுக்கு வாருங்கள்.

கிணிங்... கிட்டே வந்துவிட்டது. காலடிச் சத்தமில்லை. மூக்கில் ஏறுகிற ஒரு மருந்து வாசம்.

"ஒரு கை குடு மாப்ள. எறக்கணும்."

சுமையோடு வருகிறவர் கேட்டால், பகையாளியானாலும் இறக்கிவிட்டுத்தான் போவோம். எங்கள் மலையில் அப்படித்தான். நல்லமுத்துவும் யோசிக்காமல் கையை நீட்டிவிட்டார். பெட்டி ஐஸாகக் குளிர்ந்தது. பாசியின் மேல் இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

சுமை போன பிறகும் அந்தக் கைகள் இறங்கவில்லை.

"தொரகிட்ட குடுத்துரு. ஒன்னும் ஒடையல..."

பிறகு பனி மட்டும்தான் இருந்தது. நல்லமுத்துவுக்குப் பயம் வரவில்லையாம், ஆத்திரம்தான் வந்ததாம். உயிர் போயும் போத்தலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறானே என்று நெஞ்சு கொதித்ததாம். பெட்டியை எப்படித் தலையில் ஏற்றினார் என்று அவருக்கே தெரியாது. மறுபக்கம் யாரோ கை கொடுத்தது போல லேசாக ஏறியது.

மறுநாள் பெரட்டில் துரையின் காலடியில் வைத்தார். துரை திறந்தார். ஒரு போத்தலிலும் கீறல் இல்லை. ஒன்றில் நீலப் பட்டாம்பூச்சி... மருந்து போட்டு அடைத்து ஒரு வருடமான பூச்சி, இன்னும் இறக்கையை அடித்துக்கொண்டிருந்தது.

துரையின் முகம் வெளுத்தது. வேலாயி முன்னால் வந்து நின்றாள்.

"அவரு திருடலன்னு சொல்லுங்க தொர. வேற ஒன்னும் வேணாம்."

துரை மூடியை அறைந்து சாத்தினார். நீங்கள் ஒளித்து வைத்தது, பயத்தில் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார். பங்களாவுக்குத் தூக்கிக்கொண்டு வா என்று நல்லமுத்துவைப் பார்த்துக் கத்தினார். நல்லமுத்து கையைக் கட்டிக்கொண்டார். துரை அடுத்த ஆளைக் கூப்பிட்டார், அவனும் கட்டிக்கொண்டான். களத்தில் ஒரு கை நீளவில்லை. கண்டாக்கு வேறெங்கோ பார்த்தார்.

துரை பல்லைக் கடித்துக்கொண்டு தானே தூக்கித் தோளில் வைத்தார். கிணிங்... கிணிங்... பனிக்குள் ஏறிப் போனார்.

பங்களா வாசலில் நின்ற சமையல்காரன் பார்த்திருக்கிறான். பெட்டி தோளில் இல்லை, தலையில் இருந்தது. இரண்டு கையும் மேலே. துரை வாசலுக்குள் திரும்பவில்லை. கண் சிமிட்டாமல் முகட்டைப் பார்த்து நடந்தார். அவ்வளவுதான். போலீஸ் வந்தது, நாய்கள் வந்தன... தொப்பி கூடக் கிடைக்கவில்லை.

அடுத்த தை மாதம். அக்காவும் தம்பியும் விறகுக் கட்டோடு முகட்டு வழியாக வந்தார்கள். கிணிங்... மருந்து வாசம். பனிக்குள்ளிருந்து ஒரு குரல், கட்டளையிட்டே பழகிய தமிழில், கெஞ்சியது.

"கொஞ்சம்... எறக்கி விடுங்க."

பழக்கத்தில் நல்லமுத்துவின் கை தானாக எழுந்தது. வேலாயி அதைப் பிடித்து இறக்கினாள்.

"அவரு திருடலன்னு சொல்லுங்க தொர. எறக்கி விடுறேன்."

அவள் பதிலுக்காகக் காத்து நின்றாள். போத்தல்கள் நடுங்குகிற சத்தம்... நெடுநேரம். ஒரு வார்த்தை வரவில்லை. பிறகு அந்தச் சத்தம் அவர்களைத் தாண்டி மெதுவாக மேலே போனது.

வேலாயி இன்னும் விறகுக்கு அந்த வழியாகத்தான் போகிறாள். ஒவ்வொரு தடவையும் நின்று கேட்கிறாள். துரை இன்னும் சொல்லவில்லை.