மாடியில் அடித்த மருந்து

ஆர்க்கிட் செடிக்கு மண் ஆகாது ஐயா. இது தெரியாமல்தான் பலர் ஆசையாக வாங்கி வந்து, தொட்டியில் செம்மண்ணை அமுக்கி, தண்ணீரையும் ஊற்றி அழுக விட்டுவிடுகிறார்கள். அதன் வேருக்குக் காற்று வேண்டும். பக்கவாட்டில் துளை போட்ட மண்தொட்டி, அதில் ஓட்டுச் சில்லு, மேலே அடுப்புக்கரி, கொஞ்சம் தேங்காய் மட்டை. அவ்வளவுதான். ராஜபாளையம் வெயிலுக்கு இதெல்லாம் வராது என்றார்கள். என் வீட்டு மொட்டை மாடியில் பந்தல் போட்டு நிழலில் வைத்தேன், வந்தது.

நீங்கள் என் மனைவி சீனியம்மாளைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். சொல்கிறேன். எனக்குப் பேசவே அசதியாக இருக்கிறது. முதலிலிருந்து சொன்னால்தான் கோவையாக வரும்.

பேண்டேஜ் துணி நெய்த என் தறிகளை எண்பத்தெட்டில் விற்றேன். ஆள் வரவில்லை, கரண்டு இல்லை, நூல் வரவில்லை என்று காலமெல்லாம் யாராவது என்னிடம் எதையாவது சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதன்பின் ஒன்றும் பேசாத ஏதோ ஒன்று எனக்குத் தேவைப்பட்டது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பெங்களூரிலிருந்து பார்சலில் செடி வரவழைத்தேன்.

சீனியம்மாள் முதலில் சிரித்தாள். "பூவே இல்லாத குச்சிக்கா இம்புட்டுப் பாடு?" என்றாள். முதல் கொத்து ஊதா நிறத்தில் விரிந்ததும் தெருப் பெண்களை எல்லாம் மாடிக்கு அழைத்து வந்து காட்டினாள். அவர்கள் இதழைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

பிறகு செதில் பூச்சி வந்தது. இலையின் அடியில் பழுப்புப் பொட்டு மாதிரி ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். சீனியம்மாள் பழைய பல்துலக்கும் பிரஷை சோப்புத் தண்ணீரில் நனைத்து, இலை இலையாகத் தேய்த்து எடுத்தாள். பூச்சி போகத்தான் செய்தது. ஆனால் இந்த வரிசை முடிவதற்குள் அந்த வரிசையில் ஏறிவிடும். அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. உரக்கடையில் பருத்திக்கு அடிக்கும் மருந்து வாங்கினேன். திறந்த வெளியில் அடிக்க வேண்டும், கைக்கு உறை போட வேண்டும், மூக்கைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். நன்றாகவே சொன்னார்.

முதல் தடவை நான்தான் அடித்தேன். துண்டால் முகத்தைக் கட்டியிருந்தும் தலை இடித்தது, வியர்த்துக் கொட்டியது, மறுநாள் வரை விரல் நடுங்கியது. அடுத்த தடவை ஸ்பிரேயரை சீனியம்மாளிடம் கொடுத்தேன். கூலிக்கு ஆள் வைத்திருக்கலாம். ஆனால் அவர்கள் மொட்டுகளை உதிர்த்துவிடுவார்கள். அவள் கை பதமான கை.

பாட்டிலில் மண்டையோடு படம் போட்டிருந்தது. அவளுக்கு எழுத்தும் வாசிக்கத் தெரியும். பார்த்தால் கேள்வி வரும். அதனால் தாளை நனைத்து உரித்துவிட்டேன். கையுறையை அவளிடம் கொடுக்கவில்லை. கொடுத்தாலும் ஏன் என்று கேட்டிருப்பாள்.

பக்கத்து வீட்டு சங்கையா மாடிச்சுவர் வழியாகச் சத்தம் போட்டார். "அண்ணாச்சி, ஒங்க மருந்து வாடையில சோறு எறங்க மாட்டேங்கு."

பந்தலைச் சுற்றித் தார்ப்பாயைக் கட்டினேன். வாடை வெளியே போகவில்லை. செடிக்கும் மருந்து வீணாகாமல் கிடைத்தது. அவள் உள்ளே நின்று அடிப்பாள். நான் படிக்கட்டில் நின்று எந்த வரிசை என்று சொல்வேன்.

பூச்சி அற்றுப்போனது. அவளுக்கு வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது. சாப்பிட்டதை வாந்தி எடுத்தாள்.

"ஏங்க, கண்ணு மசமசங்கு. இன்னைக்கு நீங்க அடிங்களேன்" என்றாள் ஒருநாள்.

"வயசாகுதுல்ல, எல்லாருக்கும் வரதுதான்" என்றேன். அவள் ஸ்பிரேயரை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் தம்பி காளிராஜ் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பார்க்க வந்தவன் பதறிப்போனான். "அத்தான், அக்கா இப்படி எளச்சுப் போயிருக்கு. கொஞ்ச நாள் எங்க வீட்ல இருக்கட்டும்" என்று கூட்டிப்போனான். நான் தடுக்கவில்லை.

அங்கே அவளுக்குச் சரியாகிவிட்டது. கண் மசமசப்பு இல்லை, வாந்தி இல்லை, கன்னத்தில் சதை கூட வைத்துவிட்டது என்று காளிராஜ் சந்தோஷமாகப் போன் செய்தான். அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. அதற்கு முன்னும் விளங்காமல் இல்லை. அன்றைக்கு உறுதியானது.

ஆனால் இங்கே செதில் பூச்சி மறுபடியும் பிடித்தது. செடிகள் மொட்டுக் கட்டுகிற நேரம். நான் பஸ் ஏறிப் போனேன். "தனியா இருக்க முடியல. சோத்துக்குக் கூட வழியில்ல" என்று சொன்னேன். சீனியம்மாள் உடனே பையை எடுத்துக்கொண்டாள். "பாவம்டா, அவிய தனியா என்ன செய்வாவ" என்று தம்பியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள்.

வந்த வாரமே மருந்து அடித்தாள். பூச்சி அதிகமாக இருந்ததால் மருந்தை நான் கூடுதலாகக் கலந்திருந்தேன். பந்தலுக்குள் விழுந்த சத்தம் கேட்டு, காற்றுப் போவதற்காகத் தார்ப்பாயைத் தூக்கிக் கட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன். அவசரப்பட்டு நானும் விழுந்தால் யாருக்கு லாபம்?

சேதி கேட்டுக் காளிராஜ் கார் கொண்டு வந்து, தனக்குத் தெரிந்த டாக்டரிடம் கொண்டுபோனான். டாக்டர் அவள் கண்ணில் லைட் அடித்துப் பார்த்தார்.

"கண்ணு பாப்பா ஊசிமுனை மாதிரி சுருங்கிக் கெடக்கு. வயல்ல மருந்து கிருந்து அடிச்சாங்களா?"

"எங்களுக்கு வயலே கிடையாது" என்றேன். அது உண்மை.

"மருந்துதான்னா அதுக்கு ஊசி இருக்கு. என்ன ஏதுன்னு தெரியாம போட முடியாது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். சொன்னால் காளிராஜ் கத்துவான். பந்தலைப் பிரித்து எறிவான். ஊர் கூடும். ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை. அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

சீனியம்மாளுக்கு அப்போது நினைவு இருந்தது. கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "ஏங்க, மாடில அடிக்கமே, அது என்ன மருந்து? டாக்டர்ட்ட சொல்லுவமா?" என்றாள், வாயோரம் நுரையோடு. டாக்டரும் காளிராஜும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேப்பெண்ணெய்தான் சீனி" என்றேன்.

அவள் சரி என்று தலையை ஆட்டினாள். நம்பினாள் ஐயா. டாக்டரும் நம்பினார். அன்று வெயில் தாழ்வதற்குள் போய்விட்டாள்.

எந்த மருந்து என்று தெரிந்தால் அவள் பயந்துவிடுவாளே என்றுதான் அப்படிச் சொன்னேன்.